மாளிகைமேட்டைச் சுற்றியுள்ள பெயர்களுக்காக ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறைக்கும் அரியலூர் மாவட்ட நிர்வாகத்துக்கும்,

வணக்கம்.

நான் ஜெயங்கொண்டம் பக்கத்துக்காரன். வெளியூரிலிருந்து உறவினர் யார் வந்தாலும் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போவது என் வேலை. விமானத்தை அண்ணாந்து பார்த்து முடித்ததும் பெரும்பாலும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "சாமிக்கு இவ்வளவு பெரிய வீடு கட்டின ராஜா, தான் எங்கே குடியிருந்தார்?" தென்மேற்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளி மாளிகைமேடு என்று ஓர் இடம் இருக்கிறது, வாருங்கள் என்று அழைத்துப் போவேன். அங்கே போனதும் அவர்கள் முகம் வாடிவிடும். பள்ளத்துக்குள் செங்கல் சுவர்களின் அடிப்பகுதி, மேலே மழைக்குப் போட்ட கூரை, சுற்றிலும் வயல். ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஒரு பேரரசுக்குத் தலைநகராக இருந்த ஊரில், அரண்மனையென்று கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான்.

ஆனால் அந்த மேட்டிலிருந்து இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் கோட்டைக்குள்ளேதான் நடக்கிறோம் என்பதை ஊர்ப்பெயர்கள் சொல்லிக்கொண்டே வரும். உட்கோட்டை. ஆயுதக்களம். மெய்க்காவல்புத்தூர். வீரசோழபுரம். கொஞ்சம் தள்ளிப் போனால் கடாரங்கொண்டான். மதில் போய்விட்டது, வாசல் போய்விட்டது, படை போய்விட்டது. பேருந்து நடத்துநர் மட்டும் தினமும் அந்தப் பெயர்களைச் சொல்லி ஆட்களை இறக்கிவிடுகிறார். இந்தப் பெயர்களுக்காகவும், இவற்றைவிடச் சிறிய, இன்னும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாத பெயர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய செய்தி. 1855இல் வெளிவந்த தென்னிந்திய இடக்குறிப்பு நூல் ஒன்றில் நம்முடைய ஊரைப் பற்றிச் சில பத்திகள் உண்டு. தெற்கு வடக்காகப் பதினாறு மைல் நீளமுள்ள ஏரிக்கரை, தூர்ந்துபோய்க் காடு மண்டிக் கிடக்கும் ஏரி, படையெடுத்து வந்த சேனை ஒன்று வேண்டுமென்றே அந்த ஏரியைப் பாழாக்கியது என்று மக்கள் வழிவழியாகச் சொல்வது, எல்லாம் அதில் வருகிறது. கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது இந்தக் கோயிலின் சுற்றுமதிலை இடித்துக் கல் கொண்டுபோனதும், தடுக்கப் பார்த்த ஊர்மக்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது என்பதும், கல்மதிலுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கு காப்பாற்றப்படவில்லை என்பதும் அதில் இருக்கின்றன. கீழணை கட்டியது 1836இல். ஆகவே எழுதியவர் காலத்தில் அந்தக் காயம் ஆறியிருக்காது.

அதே இடத்தில் இன்னொரு வரி வருகிறது. கோயிலுக்கு அருகே, காட்டுக்குள், பாபிலோன் இருந்த இடத்தைக் காட்டும் மேடுகளைப் போல மண்மேடுகள் கிடக்கின்றன. ஊர்ப் பெரியவர்கள் அந்த மேடுகளில், பெரியதோர் அரண்மனையின் பகுதிகள் இவை இவை என்று சுட்டிக் காட்டுகிறார்கள் என்கிறது அந்தக் குறிப்பு. அதோடு முடிந்தது.

இந்த வரியை நான் எத்தனை தடவை படித்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு பதைக்கிறது. பெரியவர்கள் எதைக் காட்டினார்கள்? எந்த மேட்டை அந்தப்புரம் என்றார்கள், எதைக் கொலுமண்டபம் என்றார்கள், எதைக் குதிரைக் கொட்டில் என்றார்கள்? எழுத்து தெரிந்த ஒருவர் எதிரில் நின்றிருக்கிறார். கையில் பேனாவும் இருந்திருக்கிறது. பாபிலோனை நினைத்துக்கொள்ள நேரம் இருந்தவருக்கு, அவர்கள் சொன்ன நாலு பெயரை எழுதிக்கொள்ளத் தோன்றவில்லை. அந்தப் பெரியவர்களின் விரல் நீண்டது மட்டும் பதிவாகியிருக்கிறது. விரல் காட்டிய இடம் பதிவாகவில்லை.

அதற்கு 125 ஆண்டு கழித்து, 1980இல் உங்கள் துறை மாளிகைமேட்டில் அகழாய்வைத் தொடங்கியது. சுவர்கள் வந்தன, கூரை ஓடுகள் வந்தன, இரும்பு ஆணிகள் வந்தன, தந்தத்தில் செய்த பொருள்கள், கண்ணாடி வளையல் துண்டுகள், சீனப் பீங்கான் உடைசல்கள் வந்தன. மாளிகைமேடு என்று ஊர் சொன்ன இடத்தில் மாளிகைதான் இருந்தது. நடுவில் எவ்வளவோ தலைமுறை போயிருக்கிறது. மேட்டைத் தோண்டிச் செங்கல் எடுத்து வீடு கட்டியவர்கள் உண்டு, மேலேயே ஏர் ஓட்டியவர்கள் உண்டு. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. 2021லும் 2022லும் நீங்கள் மறுபடியும் மண்வெட்டியோடு வந்தபோது ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. செம்பு வளையல் துண்டு ஒன்று கிடைத்த செய்தி டீக்கடையில் ஒரு வாரம் ஓடியது.

அகழாய்வைப் பற்றி எனக்குக் குறையே கிடையாது. அது இன்னும் பல ஆண்டு நடக்க வேண்டும். நான் கேட்பது, மண்ணுக்கு மேலே இருக்கிற இன்னொரு அடுக்கையும் அதே பொறுமையோடு எடுங்கள் என்றுதான். அந்த அடுக்கு மனிதர்களின் நினைவில் இருக்கிறது. மண்ணுக்குள் இருக்கும் சுவர் இன்னும் நூறு ஆண்டு காத்திருக்கும். எண்பது வயதுக்காரர் காத்திருக்க மாட்டார்.

கல்வெட்டில் இருக்கும் பெயர்களையும் ஊர் வாயில் இருக்கும் பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. கல்வெட்டுகள் அரண்மனையைச் சோழகேரளன் திருமாளிகை, முடிகொண்ட சோழன் திருமாளிகை என்று அரசனின் பட்டத்தோடு சொல்கின்றன. வெளிமதிலை ராஜேந்திர சோழன் மதில் என்கின்றன. அகன்ற சாலைகளுக்கு ராஜராஜன் பெருவழி, ராஜேந்திரன் பெருவழி. ஊருக்கு இந்தப் பட்டங்கள் எதுவும் நினைவில்லை. சோழகங்கம் என்று ராஜேந்திரன் பெயரிட்ட ஏரி பொன்னேரி ஆகிவிட்டது. கங்கை நீரால் ஆன வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அந்த ஏரியைப் புகழ்கிறது. கரையில் மாடு மேய்க்கிறவருக்கு அது பொன்னேரிதான். அரசன் வைத்த பெயர் அரசோடு போய்விட்டது. ஆனால் மாளிகை, கோட்டை, ஆயுதம், மெய்க்காவல் என்று பொருளின் பெயரை, வேலையின் பெயரை ஊர் விடவே இல்லை. யார் இருந்தார் என்பதை மறந்து, என்ன இருந்தது என்பதை மறக்காமல் வைத்திருக்கிறது. வீரசோழபுரம், கடாரங்கொண்டான் போன்றவை இதற்கு விலக்கு. ஆள் குடியிருக்கிற ஊராக நிலைத்ததால் அவை தப்பித்தன என்பது என் எண்ணம். வயலாகவும் மேடாகவும் குட்டையாகவும் மாறிப்போன இடங்களுக்கு உழுகிறவர்களும் நடவு நடுகிறவர்களும் வைத்த பெயர்தான் மிச்சம்.

சில இடங்களில் இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. இந்நகரத்து வாசல்களில் ஒன்றைக் கல்வெட்டு வேம்புகுடி வாசல் என்கிறது. தெற்கே வேம்புகுடி என்ற ஊர் இன்றும் இருக்கிறது. வாசலின் ஒரு கல் கூட நமக்கு வேண்டாம். அந்த ஊரை நோக்கித் திறந்த வாசல் அது என்று பெயரே காட்டிக்கொடுத்துவிடுகிறது. இப்படி எத்தனை பெயர் வயல்வரப்புகளுக்கு நடுவே கிடக்கிறதோ. ஒரு புன்செய்த் துண்டுக்குக் கொத்தளம் என்று பெயர் இருந்தால், ஒரு பள்ளத்தை அகழி என்று கிழவிகள் சொன்னால், ஒரு குட்டை யானை பேரில் இருந்தால், அதைக் குறித்துக்கொண்டு வெளிமதிலின் தடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் அல்லவா? வெளிமதில் இரண்டு செங்கல் சுவர்களை எழுப்பி நடுவே மணல் நிரப்பிக் கட்டியது என்று அகழாய்வில் தெரிந்தது. செங்கல்லைப் பெயர்த்து எடுத்துப் போன இடங்களில் இன்று நீளமான மண்திட்டு மட்டும்தான் இருக்கும், சில இடங்களில் அதுவும் இருக்காது. அங்கே வழிகாட்ட வயலின் பெயரைத் தவிர வேறென்ன இருக்கிறது?

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சங்கதியும் இல்லை. கும்பகோணத்தை அடுத்த பழையாறையை எடுத்துக்கொள்ளுங்கள். குந்தவை வாழ்ந்த அரண்மனை அங்கே இருந்தது. நந்திபுரம், முடிகொண்ட சோழபுரம், ராஜராஜபுரம் என்று காலத்துக்கு ஒரு பெயர் பூண்ட நகரம் அது. இன்று போனால் வாழைத்தோட்டமும் நெல்வயலும்தான். ஆனால் சோழன்மாளிகை என்று ஒரு கிராமம் இருக்கிறது. சுற்றிலும் ஆரியப்படையூர், பம்பைப்படையூர், புதுப்படையூர், மணப்படையூர் என்று நான்கு படையூர்கள். நாலு பக்கமும் படை நிறுத்தி நடுவில் மாளிகை கட்டியிருந்த அமைப்பை, வரைபடம் எதுவும் இல்லாமல், ஐந்து ஊர்ப்பெயர்களை வைத்தே மனசுக்குள் வரைந்துவிடலாம். திருவண்ணாமலை மாவட்டத்துப் படைவேடும் அப்படித்தான்; சம்புவராயர் தலைநகரம் அது, படைவீடு என்ற சொல் தேய்ந்து இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது.

சரி, வாயால் சொல்வதை எல்லாம் வரலாறு என்று எடுத்துக்கொள்ள முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. கோட்டை இருந்த ஊர் என்றால் சுரங்கப்பாதைக் கதை இல்லாமல் இராது. அரண்மனையிலிருந்து கோயிலுக்குச் சுரங்கம், கோயிலிலிருந்து ஆற்றுக்குச் சுரங்கம், உள்ளே ஆட்டுக்குட்டியை விட்டால் வேறு ஊரில் வெளியே வரும் என்று தமிழ்நாடு முழுக்க இதே கதைதான். தோண்டிப் பார்த்தால் தண்ணீர் போகும் வடிகாலாக இருக்கும். பெயர்களிலும் ஏமாற்று உண்டு. புதிதாகப் படித்து வந்தவர்கள் பழைய பெயருக்கு அழகான பொருள் சொல்லப்போய், அந்தப் பொருளே ஊரில் பரவிப் பாட்டி சொன்னதாக ஆகிவிடும். அதனால்தான் பதிவை யாரோ ஓர் ஆர்வலரிடம் விட்டுவிடாமல் உங்களைக் கேட்கிறேன். யார் சொன்னார், அவர் வயது என்ன, யாரிடம் கேட்டார், எந்த இடத்தில் நின்றுகொண்டு சொன்னார் என்பதையெல்லாம் சேர்த்து எழுதினால்தான் அப்புறம் வருகிற ஆய்வாளர் நெல்லையும் பதரையும் பிரிக்க முடியும். பதரையும் இப்போதே தூற்றிவிட வேண்டாம். சுரங்கக் கதை எந்த இடத்தைச் சுட்டுகிறது என்பதே ஒரு தடயம். அங்கே பழைய வடிகால் ஒன்றை யாரோ எப்போதோ பார்த்திருக்கக்கூடும்.

அவசரம் ஏன் என்று சொல்கிறேன். வயல்பெயரைக் காப்பாற்றி வந்தது வேலை. "கீழைக்காட்டுத் துண்டில் களை எடுக்கணும், மேட்டுத் துண்டுக்குத் தண்ணி கட்டணும்" என்று ஆளை ஏவுவதற்குப் பெயர் வேண்டியிருந்தது. இன்று அறுவடை எந்திரம் வைத்திருப்பவருக்கு அலைபேசியில் இடக்குறியீடு அனுப்பினால் போதும், வந்துவிடுகிறார். பட்டாவில் புல எண் இருக்கிறது, உட்பிரிவு எண் இருக்கிறது. பெயருக்கு அங்கே கட்டம் கிடையாது. சில வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் எங்கள் குடும்ப நிலத்தின் பழைய பெயரை எங்காவது குறித்திருக்கிறார்களா என்று கேட்டேன். எண்ணைச் சொல்லுங்கள், பெயரெல்லாம் எதற்கு என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. அவர்களுக்குத் தேவைப்படாதது, அவ்வளவுதான். ஆனால் அன்று வீடு திரும்பும்போது, என் பாட்டி எண்ணே தெரியாமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எழுபது வருடம் அந்த நிலத்தை ஆண்டதை நினைத்துக்கொண்டேன். எனக்கு எண் தெரியும். பக்கத்து நிலங்களின் பெயர்களில் பாதி தெரியாது. என் பிள்ளைகளுக்கு எங்கள் நிலத்தின் பெயரே தெரியாது.

மனைப்பிரிவுகளும் வந்துகொண்டிருக்கின்றன. நிலத்தைச் சமன் செய்யும்போது மேடு போகிறது, மேட்டோடு பெயர் போகிறது, அதன் மேல் ஏதோ ஒரு நகர் என்று பலகை எழும்புகிறது. 2020இல் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்ற அரசாணை வந்து, சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அதைப் பற்றி அப்போது எவ்வளவு விவாதம் நடந்தது! எழுத்துக்கூட்டைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம். எழுதப்படாமலே செத்துப்போகும் வயல்பெயரை யார் திருத்துவது?

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். உங்களுக்கு இதைவிட நல்ல வழி தெரிந்திருந்தால் அதையே செய்யுங்கள்.

ஊர்க்கூட்டம் போட்டு மேடையில் ஒலிபெருக்கி வைத்துக் கேட்டால் ஒன்றும் வராது. பெரிய வீட்டு ஆண்கள் நாலு பேர் பேசுவார்கள், அதில் பாதி பத்திரிகையில் படித்ததாக இருக்கும். வயல்பெயர் அதிகம் தெரிந்தவர்கள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்கள், ஆடு மேய்த்தவர்கள், ஏரியின் மடையைத் திறந்து அடைத்தவர்கள். நூறு நாள் வேலைக்கு வருகிற பாட்டிமார்களிடம் மர நிழலில் உட்கார்ந்து கேளுங்கள். ஒரு பாட்டி ஒரு பெயரைச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் "அது அங்கே இல்லடி, வாய்க்காலுக்கு அந்தாண்டை" என்று திருத்துவார். அந்தத் திருத்தம்தான் உங்களுக்கு வேண்டும். முடிந்தால் கூடவே நடந்து போய், அந்த இடத்தில் நின்று, அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். எழுத்தில் ஒரு பெயரை நாம் நம் வசதிக்குத் திருத்திவிடுவோம். குரல் அப்படியே இருக்கும்.

அடுத்தது பழைய கிரயப் பத்திரங்கள். நான்கெல்லை எழுதும்போது இன்னார் நிலத்துக்கு வடக்கு, இன்ன மேட்டுக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு என்று எழுதுவார்கள். எண்கள் நிலைபெறுவதற்கு முன் எழுதிய பத்திரங்களில் இடப்பெயர்கள் தாராளமாக வரும். எத்தனையோ வீடுகளில் அவை தகரப்பெட்டியில் கரையான் அரித்துக்கொண்டு கிடக்கின்றன. பத்திரத்தைக் கொடுங்கள் என்றால் யாரும் கொடுக்க மாட்டார்கள், நியாயம்தான், நானும் கொடுக்க மாட்டேன். வீட்டிலேயே வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, உரிமையாளர் பெயரையும் விலையையும் மறைத்து, எல்லைப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்று உறுதி சொன்னால் காட்டுவார்கள்.

தெய்வங்களையும் விட்டுவிடாதீர்கள். செங்கமேட்டுக் காளி கோயிலில் இருப்பவை கலிங்கத்திலிருந்து வெற்றிச் சின்னமாகக் கொண்டுவந்த சிலைகள். அவை அங்கே ஏன் நிற்கின்றன என்பதற்கு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் வைத்திருப்பார்கள், பொங்கல் வைக்கிறவர்கள் வேறொன்று வைத்திருப்பார்கள். இரண்டும் வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் திருவிழாவுக்கு முன் எல்லை சுற்றும் வழக்கம் உண்டல்லவா, அது எங்கே தொடங்கி எந்தெந்தப் புளியமரத்தடியில் நின்று எங்கே முடிகிறது என்று ஒரே ஒரு வருடம் கூடவே நடந்து குறித்துப் பாருங்கள். ஊரெல்லைக்குப் பொருந்தாமல் எங்காவது வளைந்து போனால், ஏன் வளைகிறது என்று கேட்கத் தோன்றும். வாசல் காத்த தெய்வங்கள் வாசல் போன பிறகும் அதே இடத்தில் இருப்பது நம் வழக்கம்.

இவ்வளவும் சேர்ந்தால், கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வரப்போகும் அருங்காட்சியகத்தில் ஒரு சுவர் கேட்பேன். ஒரே ஒரு சுவர் போதும். கோயில், அரண்மனை, மதில், ஏரி எல்லாம் அடங்கிய பெரிய நிலப்படம். அதில் கல்வெட்டுப் பெயர் ஒரு நிறத்தில், ஊர்ப்பெயர் ஒரு நிறத்தில், வயல்பெயர் ஒரு நிறத்தில். பொத்தானை அழுத்தினால் அந்தப் பெயரைச் சொன்ன பாட்டியின் குரல் கேட்க வேண்டும். செப்புத் திருமேனியைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர் அதை எவ்வளவு நேரம் கேட்பார் என்று எனக்குத் தெரியாது. உட்கோட்டைப் பள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள், தங்கள் வீட்டுக் குரலைத் தேடுவார்கள்.

பொன்னேரியைத் தூர்வாரப்போவதாகச் செய்தி வந்ததிலிருந்து இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. அந்த வேலை தொடங்கும் முன் கரையில் உள்ள மடைகளின் பெயர்களையும், ஏரிக்குள் உள்ள திட்டுகளின் பெயர்களையும் எழுதிக்கொள்ளும்படி மாவட்ட நிர்வாகத்தைத் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். எந்திரம் இறங்கிவிட்டால் திட்டு எது, கரை எது என்று தெரியாது.

பாட்டி போய்ப் பல வருடம் ஆகிறது. அவருடைய தங்கை இருக்கிறார். வயது எண்பத்தாறோ எண்பத்தேழோ, கண் மங்கிவிட்டது, நினைவு மங்கவில்லை. கட்டிலில் படுத்தபடியே மேட்டிலிருந்து ஏரிக்கரை வரை ஒவ்வொரு துண்டாகப் பெயர் சொல்லிக்கொண்டு போவார். நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நான்கு இடங்களில் எனக்கு இடம் பிடிபடவில்லை, நேரில் கூட்டிப்போனால் காட்டிவிடுவேன் என்கிறார். தை அறுவடை முடிந்தால் வரப்பு காய்ந்திருக்கும், நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகலாம். துறையிலிருந்து ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தால் போதும். நாற்காலி தூக்க ஊரில் ஆள் இருக்கிறது.

அன்புடன்,
ஜெயங்கொண்டம் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன்